புல்மலைகளும் சுண்ணாம்பு மண்ணும்

நுழையும்முன்

நிலத்தைப் பார்க்கும் கண் முதலில் அதன் பசுமையைத் தேடுகிறது. பசுமை குறைந்த இடத்தைத் 'தரிசு' என்று சொல்லிக் கடந்து செல்வது எளிது. ஆனால், ஒரு சாண் ஆழத்திற்கு மண்ணைத் தோண்டிப் பார்த்தவர் அவ்வளவு விரைவாகப் பெயரிட மாட்டார். வறண்ட புல்மலைகளின் சரிவிலும் அடிவாரத்திலும் காணப்படும் சுண்ணாம்பு கலந்த மண் எவ்வாறு தோன்றியது, எதைத் தருகிறது, எதை மறுக்கிறது என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

நிலத்தின் பெயரே ஊரின் பெயர்

திண்டுக்கல்லுக்குத் தென்கிழக்கே அமைந்துள்ளது நத்தம். 'நத்தம்' என்னும் சொல்லுக்கு ஊர், குடியிருப்பு நிலம் என்பன பொருள். வருவாய்த்துறை ஆவணங்களில் இன்றும் குடியிருப்புக்குரிய நிலம் இப்பெயராலேயே குறிக்கப்படுகிறது. நன்செய், புன்செய், நத்தம், தரிசு எனத் தமிழர் நிலத்தை அதன் பயன் கருதி வகுத்துப் பெயரிட்டனர். அவற்றுள் ஒன்று இங்கே ஓர் ஊரின் பெயராகவே நிலைத்துவிட்டது.

நத்தத்தின் மேற்கே சிறுமலையும் வடக்கே கரந்தமலையும் தெற்கே அழகர்மலையும் அமைந்துள்ளன. இம்மலைகளுள் இரண்டினைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. காடுகாண் காதையில் மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைக் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் விளக்குகிறான். வலப்பக்க வழியில் பாண்டியனின் சிறுமலையும் இடப்பக்க வழியில் திருமால்குன்றம் எனப்பட்ட அழகர்மலையும் இடம்பெறுகின்றன. தினை, வரகு, மஞ்சள், வாழை, மா, பலா ஆகியன சூழ்ந்த மலையாகச் சிறுமலையை இளங்கோவடிகள் காட்டுகிறார். அதே காதையில், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற கருத்தும் இடம்பெற்றுள்ளது. நிலம் நிலையானதன்று, அதன் தன்மை மாறக்கூடியது என்னும் அறிவு தமிழ் மரபில் தொன்மையானது. அம்மாற்றம் மண்ணுக்குள் எவ்வாறு நிகழ்கிறது என்பதை இன்றைய மண்ணியல் விளக்குகிறது.

பாறையிலிருந்து மண்

தென் தமிழகத்தின் மலைகளும் சமவெளிகளும் பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் முதலிய மிகப் பழமையான கடினப் பாறைகளால் ஆனவை. இப்பாறைகளில் உள்ள கனிமங்கள் சிலவற்றில் கால்சியம் அடங்கியுள்ளது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வலுக்குறைந்த அமிலமாக மாறுகிறது. அவ்வமிலம் பாறையை மெல்ல மெல்லச் சிதைக்கிறது. பாறையிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து துருவாகி மண்ணுக்குச் செந்நிறத்தைத் தருகிறது. கால்சியமோ நீரில் கரைந்து பயணத்தைத் தொடங்குகிறது.

திண்டுக்கல் மாவட்டத்தில் சுண்ணாம்புப் பாறைப் படிவங்களும் உள்ளன. கரிக்காலிப் பகுதியில் சிமெண்டு உற்பத்திக்காக அப்பாறை வெட்டி எடுக்கப்படுகிறது. எனினும், சுண்ணாம்பு மண் உருவாவதற்குச் சுண்ணாம்புப் பாறை இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பாறையில் சிறிதளவு கால்சியமும் அதைக் கடலுக்கு அடித்துச் செல்லாத அளவுக்குக் குறைந்த மழையும் இருந்தால் போதும்.

மழை வரையும் எல்லை

சுண்ணாம்பு மண்ணின் பிறப்பில் மழையின் பங்கு வியப்புக்குரியது. மழை மிகுந்த மலைநாடுகளில் கரைந்த கால்சியம் நீரோடு ஆழத்திற்குச் சென்று ஊற்றுகளின் வழியே ஆறுகளில் கலந்துவிடுகிறது. ஆகவே, அங்குள்ள மண் அமிலத்தன்மை அடைகிறது. வறண்ட பகுதியில் நிலை வேறு. பெய்யும் மழை சில அடி ஆழம்வரை இறங்குகிறது. அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடுகிறது. வேர்கள் நீரை உறிஞ்சுகின்றன. வெயில் எஞ்சிய ஈரத்தை ஆவியாக்குகிறது. நீர் நீங்கியதும் அதில் கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. ஆண்டுதோறும் இது நிகழும்போது மண்ணுக்குள் வெண்ணிற அடுக்கு ஒன்று தோன்றுகிறது. முதலில் வேர்த்தடங்களில் வெண்ணிற இழைகளாகவும் பின்பு கழற்சிக்காய் அளவிலான கட்டிகளாகவும் இறுதியில் கடப்பாரைக்கும் எளிதில் இளகாத தட்டாகவும் அது இறுகுகிறது. இக்கட்டிகளையே உழவர் 'சுக்கான்' என்கின்றனர். முற்காலத்தில் இவற்றைக் காளவாயில் சுட்டுக் கட்டடங்களுக்குரிய சுண்ணாம்பு எடுத்தனர்.

மழை எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அவ்வளவு ஆழத்தில் சுண்ணாம்பு அடுக்கு அமையும். ஆகவே, மழை குறையக் குறைய அவ்வடுக்கு மேற்பரப்பை நெருங்கும். நத்தத்திலிருந்து வடமேற்காக வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வழியே காங்கேயம் நோக்கிச் செல்பவர் மழை குறைந்துகொண்டே போவதைக் காண்பர். நத்தம் பகுதியில் மாவும் புளியும் செழிக்கும் செம்மண் மிகுதி. காங்கேயம் பகுதியிலோ கிணறு தோண்டும் இடங்களில் செம்மண்ணுக்கு அடியில் சுக்கான் வெண்மையாகத் தோன்றுவது இயல்பான காட்சி. மேலே நிற்பவர் மழைமானியில் அளப்பதை மண் தனக்குள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறது.

இருமண்பாடு

மண்ணின் தன்மையை அதன் துகள்களின் அளவு தீர்மானிக்கிறது. 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள துகள் மணல், 0.05 முதல் 0.002 மில்லிமீட்டர் வரை வண்டல். அதனினும் நுண்ணியது களி. மணல் நீரை விரைவாக வடியவிடும். ஆனால் தேக்கி வைக்காது. களி நீரைத் தேக்கும். ஆனால் காற்றை உள்ளே விடாது. இம்மூன்றும் தத்தம் குறை மறையும்படி கலந்த மண்ணே இருமண்பாடு எனப்படும். ஏறத்தாழ 40 விழுக்காடு மணலும் 40 விழுக்காடு வண்டலும் 20 விழுக்காடு களியும் கொண்ட மண் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஈரமான இம்மண்ணைக் கையில் பிடித்து அழுத்தினால் உருண்டையாகும். விரலால் தட்டினால் உதிரும்.

இத்தகைய மண்ணில் சுண்ணாம்பு கலந்திருக்கும்போது மற்றொரு நன்மை விளைகிறது. கால்சியம் களித்துகள்களை ஒன்றோடொன்று இணைத்துச் சிறு சிறு பொருக்குகளாகத் திரட்டுகிறது. பொருக்குகளுக்கு இடையே காற்றும் நீரும் செல்ல வழி உண்டாகிறது. மழைத்துளி வேகமாக விழுந்தாலும் மண் உடனே கரைந்து ஓடுவதில்லை. மட்கிய பொருளும் இப்பொருக்குகளுக்குள் நெடுங்காலம் பாதுகாக்கப்படுகிறது.

சுண்ணாம்பு மண்ணையும் களர்நிலத்தையும் ஒன்றெனக் கருதுவது பிழை. இரண்டும் காரத்தன்மை உடையவையே. சுண்ணாம்பு மண்ணின் கார அமில நிலை பொதுவாக 7.5 முதல் 8.5 வரை இருக்கும். களர்நிலத்தில் அது 8.5-ஐக் கடந்துவிடும், அங்கே மிகுந்திருப்பது சோடியம். கால்சியம் களியைத் திரட்டும். சோடியம் களியைச் சிதறடிக்கும். எனவே, சுண்ணாம்பு மண்ணில் நீர் இறங்கும்; களர்நிலத்தில் நீர் மேலேயே நிற்கும். காரம் ஒன்றாயினும் காரணம் வேறு. எனவே மருந்தும் வேறு.

செய்து பார்ப்போம்: மண் மாதிரியைத் தட்டில் பரப்பி, அதன்மீது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில துளிகள் இடுக. சுண்ணாம்பு இருப்பின் கரியமில வாயு வெளியேறி நுரைக்கும். நுரையின் அளவு சுண்ணாம்பின் மிகுதியைக் காட்டும். ஆசிரியரின் மேற்பார்வையில் இதனைச் செய்க. அமிலத்திற்கு மாற்றாக எலுமிச்சைச் சாற்றையும் பயன்படுத்தலாம். நுரை மெல்லியதாக இருக்கும்.

கொடையும் தடையும்

சுண்ணாம்பு மண் ஒருபுறம் கொடையாளி, மறுபுறம் கருமி. கால்சியத்தை அது தாராளமாகத் தருகிறது. மணிச்சத்தையோ கால்சியத்தோடு பிணைத்துக் கரையாத பொருளாக்கிவிடுகிறது. இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் காரத்தன்மையால் வேருக்குக் கிட்டுவதில்லை. இரும்புச்சத்துக் கிடைக்காத செடியின் இளந்தளிர்கள் மஞ்சளாகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன. நிலக்கடலை, சோளம், கரும்பு முதலிய பயிர்களில் இக்குறை பளிச்செனத் தெரியும். உழவர் இதற்கு அன்னபேதி உப்பைக் கரைத்து இலைகளின்மீது தெளிக்கின்றனர். மண்ணில் இட்டால் அதையும் சுண்ணாம்பு பிணைத்துக்கொள்ளும் என்பதாலேயே இலைவழி அளிக்கப்படுகிறது.

மாந்தோப்புகளுக்குப் பெயர்பெற்ற நத்தம் பகுதிக்கு இவ்வறிவு மிக இன்றியமையாதது. நீர் நன்கு வடியும் ஆழமான செம்மண்ணில் மா தழைக்கும். மிகுந்த சுண்ணாம்பை அது தாங்காது. மேலே செம்மண்ணைக் கண்டு நட்ட கன்றின் வேர், சில அடி ஆழத்தில் சுக்கான் தட்டைத் தொட்டுவிட்டால், அதன்பின் இடும் எருவும் பாய்ச்சும் நீரும் பெரும்பகுதி வீணே. நெல்லியும் இலந்தையும் அத்தகைய நிலத்தைப் பொறுத்துக்கொள்ளும். ஆகவே, கன்றைத் தேர்ந்தெடுக்கும் முன்பு குழியைத் தோண்டிப் பார்த்தல் வேண்டும்.

நடுவண் அரசு 2015-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் உழவருக்கு மண்ணின் 12 பண்புகளை அறிவிக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றோடு கார அமில நிலையும் அவற்றுள் அடங்கும். சுண்ணாம்பின் அளவு அப்பன்னிரண்டனுள் தனியே இடம்பெறவில்லை. கார அமில நிலை உயர்ந்திருப்பதைக் கண்டவர் அதன் காரணம் சுண்ணாம்பா, சோடியமா எனக் கேட்டறிய வேண்டும்.

புல் காக்கும் மண்

நெல்லும் மாவும் தயங்கும் சுண்ணாம்பு நிலத்தில் தயங்காமல் வளர்வது புல். கொழுக்கட்டைப்புல் காரத்தன்மையையும் வறட்சியையும் தாங்கி நிற்கிறது. கோடையில் அதன் தாள்கள் காய்ந்துவிடும். வேர்முடி மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். முதல் மழையில் மீண்டும் தளிர்க்கும். ஆண்டுதோறும் பழைய நுண்வேர்கள் மட்கி மண்ணோடு கலக்கின்றன. மரக்காடு தன் வளத்தில் பெரும்பங்கைத் தரைக்கு மேலே தாங்கி நிற்கிறது. புல்வெளியோ அதனைத் தரைக்குக் கீழே சேமிக்கிறது. புல்லின் மேற்பகுதி தீயில் கருகினாலும் அச்சேமிப்பின் பெரும்பகுதி மண்ணிலேயே எஞ்சும்.

திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் காணப்படும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் இவ்வியல்பை அறிந்த உழவரின் படைப்பு. கொழுக்கட்டைப்புல் பரந்த நிலத்தில் வெள்வேல மரங்கள் இடைவிட்டு நிற்கும். சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலியாக அமையும். நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் கால்நடைகள் மேயும்போது மற்றொன்றைப் புல் வளர விட்டுவைப்பர். வெள்வேலின் நெற்று கோடைக்காலத் தீவனமாகும். காங்கேயம் மாடுகள் இந்நிலத்தை நம்பி வளர்ந்த இனம். ஏர் சுமக்க இயலாத நிலத்தை, ஏர் இழுக்கும் காளைக்கு உரியதாக்கிய அறிவு இது.

தெரியுமா? சார்லஸ் டார்வின் 1842-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தம் வீட்டருகே இருந்த புல்நிலத்தில் சுண்ணாம்புத் துண்டுகளைப் பரப்பச் செய்தார். 29 ஆண்டுகளுக்குப் பின்பு, 1871-இல் அங்கே பள்ளம் தோண்டிப் பார்த்தபோது அத்துண்டுகள் 7 அங்குல ஆழத்தில் கிடந்தன. மண்புழுக்கள் கீழிருந்து மேலே கொணர்ந்த மண்ணே அவற்றை மூடியிருந்தது. மண்புழுக்கள் பற்றிய அவருடைய நூல் 1881-இல் வெளிவந்தது.

உலகின் பிற புல்வெளிகள்

சுண்ணாம்பு மண்ணும் புல்லும் இணைந்திருப்பது தமிழகத்திற்கு மட்டும் உரிய காட்சியன்று. போலந்து உழவர் தம் நாட்டின் கல் கலந்த சுண்ணாம்பு மண்ணை 'ரெண்ட்சினா' என்று அழைத்தனர். கலப்பை கல்லில் உரசும்போது எழும் ஒலியிலிருந்து அச்சொல் பிறந்தது என்பர். உழவர் வழங்கிய அப்பெயரையே மண்ணியலாரும் ஏற்றுக்கொண்டனர்.

இங்கிலாந்தின் தென்பகுதியில் வெண்சுண்ணாம்புக் குன்றுகளின்மீது மெல்லிய மண்படலம் உள்ளது. ஆடுகள் நெடுங்காலமாக மேய்ந்துவந்த அப்புல்வெளிகளில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் 40 வகைத் தாவரங்கள் வரை காணக்கூடும். மண்ணின் வறுமையே அவ்வளத்திற்குக் காரணம். மணிச்சத்துக் குறைவாக இருப்பதால் எந்த ஒரு செடியும் பெருகி மற்றவற்றை அழிப்பதில்லை. அனைத்திற்கும் இடம் கிடைக்கிறது. உரமிட்டால் சில புல்வகைகள் மட்டும் ஓங்கிப் பிற மறைந்துவிடும்.

உருசியப் புல்வெளிகளின் கரிய மண்ணுக்கு அடியிலும் சுண்ணாம்பு அடுக்கு உண்டு. அம்மண்ணை ஆராய்ந்த வசீலி டோகுச்சாயேவ் 1883-ஆம் ஆண்டு தம் நூலை வெளியிட்டார். பாறை, தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் அமைப்பு, காலம் ஆகிய ஐந்தும் கூடி மண்ணை உருவாக்குகின்றன என்பது அவர் நிறுவிய கருத்து. இவ்வைந்தனுள் நான்கை மனிதர் ஓரளவேனும் மாற்றவோ ஈடுசெய்யவோ இயலும். காலத்தை மட்டும் ஈடுசெய்ய இயலாது.

'தரிசு' என்னும் சொல்

2000-ஆம் ஆண்டில் நடுவண் அரசு வெளியிட்ட இந்தியத் தரிசுநில வரைபடத் தொகுப்பில் புதர் நிலங்களும் சீரழிந்த மேய்ச்சல் நிலங்களும் தரிசு வகைகளாக இடம்பெற்றன. பட்டியலில் இடப்படும் ஒரு சொல் நிலத்தின் வருங்காலத்தை முடிவு செய்யக்கூடும். தரிசு எனப்பட்ட நிலத்தை எதற்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் எளிதில் தோன்றும். மனையாகப் பிரித்தாலும் கல் வெட்டினாலும் இழப்பு ஏதுமில்லை எனத் தோன்றும்.

நல்ல நோக்கத்தோடு செய்யும் செயலும் தீங்காகலாம். புல்மலையின் சரிவில் இயந்திரத்தால் குழிகள் தோண்டி மரக்கன்றுகள் நடும்போது, புல்லின் வேர்வலை அறுபடுகிறது. அடியிலிருந்த சுக்கான் மேலே கொட்டப்படுகிறது. சுண்ணாம்பைத் தாங்காத கன்று இலை மஞ்சளாகிக் கருகுகிறது. புல்லும் இல்லை, மரமும் இல்லை. அடுத்த வடகிழக்குப் பருவமழையில் மேல்மண் அடிவாரக் கண்மாய்க்கு வண்டலாக இறங்குகிறது. சரிவு வெறுமையாகிறது, கண்மாய் மேடாகிறது. கைவிடப்பட்ட நிலத்தில் சீமைக்கருவேலம் புகுந்துவிட்டால் புல்லை மீட்பது மேலும் கடினம்.

இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக ஆயிரம் ஆண்டுகள் வரை ஆகலாம் என ஐக்கிய நாடுகள் அவையின் உணவு வேளாண்மை அமைப்பு கூறுகிறது. சரிவான நிலத்தில் அம்மண்ணை இழக்கச் சில மழைக்காலங்கள் போதும். முல்லை பாலையாகத் திரிவதற்கு வெயில் மட்டுமே காரணமன்று; கவனமின்மையும் காரணமாகலாம்.

காக்கும் வழிகள் அரியவை அல்ல. சரிவுக்குக் குறுக்கே சம உயரக் கல்வரப்பு அமைத்தல், மேய்ச்சலைப் பகுதி பகுதியாக மாற்றுதல், புல் விதை உதிர்க்கும்வரை காத்திருத்தல், மரம் நடும் முன்பு மண்ணைத் தோண்டிச் சோதித்தல், அந்நிலத்திற்குரிய மரங்களை மட்டும் தேர்தல் ஆகியன அவற்றுள் சில. இவை யாவும் ஓர் அடிப்படையில் நிற்கின்றன: நிலத்தைத் திருத்தும் முன்பு அதனை அறிதல்.

ஐக்கிய நாடுகள் அவை 2015-ஆம் ஆண்டைப் பன்னாட்டு மண் ஆண்டாகக் கொண்டாடியது. 2026-ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய பன்னாட்டு ஆண்டாக அறிவித்தது. புல்நிலம் வெற்றிடமன்று என்பதை உலகம் ஏற்றுக்கொள்ளத் தொடங்கியுள்ளது. நிலத்தை மலை, காடு, வயல், கடல் எனப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பொழுதும் தொழிலும் உயிரும் கண்ட திணை மரபு, பயனற்ற நிலம் என ஒன்றைத் தனியே வகுக்கவில்லை. பாலைக்கும் அது ஒரு வாழ்வை வகுத்தது. புல்மலையின் வெண்மண்ணை அதற்குரிய பெயரால் அழைப்பது அம்மரபின் தொடர்ச்சியாகும்.

கலைச்சொல் விளக்கம்

இருமண்பாடு – மணல், வண்டல், களி ஆகியன அளவாகக் கலந்த மண்
சுக்கான் – மண்ணுக்குள் படிந்து இறுகிய சுண்ணாம்புக் கட்டி
கார அமில நிலை – மண்ணின் கார அல்லது அமிலத் தன்மையைக் குறிக்கும் அளவு
பொருக்கு – மண்துகள்கள் திரண்ட சிறு கட்டி
கொறங்காடு – புல்லும் மரமும் உயிர்வேலியும் கொண்ட மேய்ச்சல் நிலம்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் மண்ணுக்கும் நிலத்துக்கும் வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதுக.
2. பள்ளி வளாகத்திலும் வயலிலும் எடுத்த மண் மாதிரிகளைச் சோதித்து, கண்டவற்றை வகுப்பில் எடுத்துரைக்க.

மதிப்பீடு

குறுவினா
1. 'நத்தம்' என்னும் சொல்லின் பொருள் யாது?
2. அன்னபேதி உப்பை இலைகளின்மீது தெளிப்பது ஏன்?

சிறுவினா
1. சுண்ணாம்பு மண்ணையும் களர்நிலத்தையும் வேறுபடுத்திக் காட்டுக.
2. மழையின் அளவுக்கும் சுண்ணாம்பு அடுக்கின் ஆழத்துக்கும் உள்ள தொடர்பை விளக்குக.

நெடுவினா
1. 'நிலத்தைத் திருத்தும் முன்பு அதனை அறிதல் வேண்டும்' என்னும் கருத்தைப் புல்மலைகளின் மண்ணை முன்வைத்து நிறுவுக.